மொழிக் குழுக்களைக் கலைக்காதீர்கள்: முதியோர் பகல்நேர மையங்கள் குறித்த எங்கள் நிலைப்பாடு

ஆஸ்திரேலியாவின் முதியோர் பகல்நேர மையங்களில் சிறுசிறு மொழிக் குழுக்களை ஒன்றாக்கி, ஆங்கிலத்தில் நடக்கும் ஒரே பொதுக் குழுவாக நடத்தலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. செலவு குறையும், எல்லோரும் கலந்து பழகுவார்கள் என்கிறார்கள். எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. தாய்மொழிக் குழுவும் வேண்டும், பொதுக் குழுவும் வேண்டும். எதற்குப் போவது என்பதை அந்த முதியவரே முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

இந்நாட்டில் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியரும் கிரேக்கரும் வந்தார்கள். 1975க்குப் பின் வியட்நாமியரும், இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழரும் வந்தார்கள். பிள்ளைகளோடு இருப்பதற்காக முதிய வயதில் வந்துசேர்ந்த பெற்றோரும் பலர். வேலைத்தலத்தில் ஆங்கிலம் பழகும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படிப் பழகியவர்களுக்கும் அது கடைசிவரை கைகொடுக்கும் என்பதில்லை. மறதி நோய் வரும்போது, பிற்காலத்தில் கற்ற மொழியே பெரும்பாலும் முதலில் நழுவுகிறது.

2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், தாம் விரும்பும் மொழியில் பேசவும், தம் பண்பாட்டை மதிக்கும் பராமரிப்பைப் பெறவும் முதியவருக்கு உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை மையத்தின் அன்றாட நடைமுறையில் தெரிய வேண்டும்.

நாங்கள் காண்பது

ஆங்கிலத்தில் எண் வாசித்து பிங்கோ ஆடுகிறார்கள். ஓர் அம்மா அட்டையை மடியில் வைத்தபடி பேசாமல் இருக்கிறார். மாலையில் அவர் பெயருக்கு நேரே 'கலந்துகொள்ள ஆர்வமில்லை' என்று எழுதப்படுகிறது. அதே அம்மா தமிழ்க் குழுவில் தாயம் உருட்டும்போது எதிராளியின் காயை வெட்டிவிட்டுக் கைதட்டிச் சிரிக்கிறார். முதல் குறிப்பு அவருடைய பராமரிப்புத் திட்டத்துக்குள் போய்விட்டால், அவரை மனச்சோர்வு உள்ளவராகவோ ஒத்துழைக்காதவராகவோ கருதிவிடுவார்கள். மொழி இல்லாத இடத்தில் எடுக்கும் மதிப்பீடு இப்படித்தான் பிழையாகிறது.

மொழி ஒன்றானால் எல்லாம் ஒன்றாகிவிடாது. யாழ்ப்பாணத்தவரும், மதுரைக்காரரும், மலேசியத் தமிழரும், தமிழ் முஸ்லிமும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஒருவர் ஹலால் மட்டுமே உண்பார். இன்னொருவர் கந்த சஷ்டி விரதத்தில் மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டார். முட்டை சேர்த்த கேக்கைச் சைவம் என்று நீட்டினால் மற்றொருவர் மனம் நோகும். போரைக் கண்டவர்களுக்குத் திடீர் வெடிச்சத்தமும், சீருடையும், வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும் பழைய அச்சத்தைக் கிளப்பக்கூடும். ஆண்டுக்கு ஒருநாள் பன்முகப் பண்பாட்டு விழா எடுப்பதால் இவற்றில் ஒன்றும் தீராது.

எங்கள் மையங்களில் கடைப்பிடிப்பவை

1. சேரும் நாளிலேயே உணவு, விரதம், வழிபாடு, எப்படி அழைக்க வேண்டும், உடல் பராமரிப்புக்கு ஆண் உதவலாமா பெண்தான் வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு எழுதுகிறோம். இனத்தையோ மதத்தையோ வைத்து ஊகிப்பதில்லை.

2. உடல்நலம், பணம், சம்மதம் பற்றிய பேச்சுக்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறோம். மகனையோ மருமகளையோ அந்த இடத்தில் வைப்பதில்லை. வீட்டில் ஏதேனும் வருத்தம் இருந்தால், அவர்கள் முன்னிலையில் முதியவர் வாய் திறக்கமாட்டார்.

3. மொழிக் குழுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நாள்களை, சமையல், தோட்டம், கைவேலை போன்ற அதிகம் பேச்சு தேவைப்படாத வேலைகளைச் சுற்றி அமைக்கிறோம். வர விரும்பாதவருக்கு அன்றும் தம் குழு உண்டு.

4. வாகன ஓட்டுநர் முதல் சமையற்கட்டு வரை எல்லாப் பணியாளருக்கும் பயிற்சி தருகிறோம். இருமொழிப் பணியாளர் மொழிபெயர்த்து உதவும் நேரத்தையும் வேலைநேரமாகவே கணக்கிடுகிறோம்.

அரசிடமும் சேவை வழங்குவோரிடமும் கோருபவை

பொதுக் குழுவைப் பற்றிய வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு மொழி பேசுவோர் இருவர் மூவரே வாழும் ஊரில் தனிக் குழு அமைக்க முடியாது. அங்கு மொழிபெயர்ப்பாளரையும், வாரத்தில் ஒருநாள் அடுத்த ஊர்க் குழுவுக்குப் போய்வர வாகனத்தையும் தர வேண்டும். ஆளெண்ணிக்கையை மட்டும் வைத்து நிதி ஒதுக்கும் முறையில் சிறு குழுக்களே முதலில் அடிபடுகின்றன. ஆகவே மொழிபெயர்ப்பு, தனிச் சமையல், தொலைதூரப் பயணம் ஆகியவற்றுக்குத் தனி நிதி வேண்டும்.

எந்த மொழிக் குழுவையும் மூடுவதற்கு முன், அதில் உள்ள ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கருத்துக் கேட்டு, பதிலை எழுத்தில் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் எடுக்கும் எந்த இணைப்பு முடிவையும் நாங்கள் எதிர்ப்போம்.