கட்டுவிரியன் ஒன்றல்ல

பாம்பு தீண்டியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் பாதி உயிர் மீண்டது என்பார்கள். மறுபாதி, அங்கே போடப்படும் விஷமுறிவு ஊசியைப் பொறுத்தது. அந்த மருந்து எல்லா ஊர்ப் பாம்புக்கும் பயன்படுமா என்ற கேள்விக்குப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சி கவலை தரும் விடையை அளித்திருக்கிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து இந்த மருந்து தயாராகிறது. தேவையான விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் தொண்டு பெரிது. ஆனால் ஒரு வட்டாரத்துப் பாம்பின் விஷம் நாடு முழுவதற்கும் அளவுகோலாகிவிட முடியாது.

கட்டுவிரியனே இதற்குச் சான்று. கறுத்த உடல், வெள்ளைப் பட்டைகள். இதுவரை செதில் வரிசையை எண்ணித்தான் இனம் பிரித்தார்கள். 2021-ல் வெளியான ஆராய்ச்சியில் மரபணுவை ஒப்பிட்டபோது, தென்னிந்தியாவில் அதுவரை அறியப்படாத தனி இனம் ஒன்று தெரிய வந்தது. அதற்கு ரோமுலஸ் கட்டுவிரியன் என்று பெயரிட்டார்கள். மேற்கு இந்தியாவில் 17 செதில் வரிசை கொண்டதும் தனிக் கிளை அன்று. பாகிஸ்தானில் உள்ள சிந்துக் கட்டுவிரியனே அது என்பதும் தெளிவாயிற்று. சோதனையில் மருந்து சாதாரணக் கட்டுவிரியனின் விஷத்தை முறித்தது. மற்ற இரண்டின் விஷத்துக்கு எதிராகப் போதிய பலன் தரவில்லை.

இது விஞ்ஞானிகளின் பெயர்ச் சண்டை அல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிப்பது. கடி வலிப்பதில்லை, தடமும் எளிதில் தெரிவதில்லை. கண்ணிமை சரிந்து, மூச்சுத் திணறும்போதுதான் விபரீதம் புரிகிறது. செங்கல் சூளையிலும், கட்டடம் எழும் இடத்துத் தகரக் கொட்டகையிலும் குடும்பத்தோடு தங்கும் கூலித் தொழிலாளிக்குக் கட்டில் ஏது? 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

இதனால் ஊசியே வீண் என்று எவரும் மந்திரவாதியைத் தேடிப் போய்விடக் கூடாது. இருக்கும் மருந்து அதுதான். அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், செயற்கைச் சுவாச வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே விரைவதே வழி.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024-ல் திட்டம் அறிவித்தது. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகக் கர்நாடகம் அதே ஆண்டு அறிவித்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் சாவைக் கணக்கெடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. எந்த வட்டாரத்தில் எந்த இனம் என்பதை மரபணுச் சோதனையால் வரையறுக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்திலேயே விஷம் சேகரித்து, அதற்கேற்ற மருந்தை உற்பத்தி செய்ய வேண்டும். அந்த மருந்து தாலுகா ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ட உண்மை தொழிலாளியின் கொட்டகைக்கு எட்டாமற் போனால் யாருக்கு என்ன பயன்?