சத்தம் வந்த பக்கம் போகாதே தம்பி

இரண்டு மாதமாக அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், மகள் வீட்டில் இருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் கொஞ்சம் உண்டு.

இங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு அனுமதி உண்டு. மாப்பிள்ளைக்கு அதில் ஆசை வந்து, பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்டார். அவருடைய பாடங்களை நானும் உட்கார்ந்து படித்தேன். வாத்தியார் புத்தி, விடவில்லை.

நேற்று அவர் கைபேசியில் ஒரு தமிழ் வீடியோ. நம் ஊர்த் தம்பி ஒருவர் வான்கோழி வேட்டைக்கு டிப்ஸ் தருகிறார். "சேவல் கத்துற சத்தம் கேட்டா அந்தப் பக்கம் பூனை மாதிரி பதுங்கிப் போங்க. புதர் அசைஞ்சா ரெடியா இருங்க" என்கிறார். எனக்குப் பகீர் என்றது.

தம்பி, காட்டில் கேட்கும் அந்தச் சத்தம் யாருடையது? அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வேட்டைக்காரனும் மரப்பெட்டியை உரசியோ, வாய்க்குள் ஒரு சவ்வை வைத்தோ பெட்டைக் குரல் எழுப்புகிறான். சேவல் மாதிரிக் கத்துகிற கருவியும் கடையில் கிடைக்கிறது. முன்னால் பொம்மை வான்கோழி வேறு. உடம்பெல்லாம் இலை நிற உடுப்பு. நீங்கள் பதுங்கிப் போய்ச் சுடுவது ஒரு மனிதனாக இருக்கலாம். அதனால்தான் இந்த மாநிலத்தில் வசந்த வேட்டையில் பறவையைக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும். பதுங்கிப் போவது சட்டப்படியே தவறு.

இதைக் கமெண்டில் எழுதினேன். "அங்கிள், நீங்க துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களா?" என்று பதில், நாலு சிரிப்புப் பொம்மைகளோடு. பிடித்ததில்லை. சாக்பீஸ்தான் பிடித்தேன். பாடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

மூதுரைப் பாட்டைச் சொல்லிச் சொல்லி, வான்கோழி என்றால் மந்தப் பறவை என்று பிள்ளைகள் மனதில் பதிய வைத்தவனும் நான்தான். காட்டில் அது அப்படியில்லை. கண் அவ்வளவு கூர்மை. நிறமும் தெரியும், சின்ன அசைவும் தெரியும். அதனிடம் பதுங்கிப் போனாலும் பெரும்பாலும் பறவை கிடைக்காது. விடியுமுன் போய், தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார வேண்டும். பின்னாலிருந்து யாராவது தவறிச் சுட்டாலும் அந்த மரம் காக்கும். வேறு ஆள் வருவது தெரிந்தால் கை அசைக்கக் கூடாது, வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது. வசந்தத்தில் சேவலின் தலை அந்த நிறங்கள்தான். பறவை 40 கஜத்துக்குள் வந்து, தலையும் மார்பில் தொங்கும் தாடியும் கண்ணால் பார்த்த பிறகே சுட வேண்டும். பெட்டைகள் அடைகாக்கும் காலம், அதனால் தாடி உள்ளதைத்தான் சுடலாம் என்று விதி. இதில் ஒன்றுகூட அந்த வீடியோவில் இல்லை. துப்பாக்கி விலை மட்டும் ஐந்து நிமிடம்!

கொல்வதே பாவம் என்பவர்களோடு இன்னொரு நாள் பேசுகிறேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை போகிறார். நீலப் பனியனைக் கழற்றி வைக்கச் சொன்னேன். சுட்ட பறவையைத் தூக்கி வர ஆரஞ்சுப் பை வாங்கியாயிற்று. அதே காட்டுக்கு அந்த வீடியோவைப் பார்த்த யாராவது வந்தால் என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள். தம்பி, வீடியோவை எடுத்துவிடுங்கள். அன்றைக்கே இந்தப் பதிவை நானும் எடுத்துவிடுகிறேன்.