அருவி முறையும் எங்க ஊர் தண்ணி டேங்க்கும்

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் முதல் வாரமே ஒரு வில்லனை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் வாட்டர்ஃபால். திட்டம், வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, ஒப்படைப்பு என்று மேலிருந்து கீழே ஒரே போக்காக விழும் முறை. ஒரு படி இறங்கிவிட்டால் மேலே ஏற முடியாது. அதனால் கெட்டது. பிறகு அஜைல் வந்தது, உலகம் பிழைத்துக்கொண்டது. நான் ஒகேனக்கல் பக்கத்துப் பையன். அருவியைத் திட்டினால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும் :-)

இத்தனைக்கும் 1970இல் அந்தப் படத்தை வரைந்த வின்ஸ்டன் ராய்ஸ் அதை வாட்டர்ஃபால் என்று கூப்பிடவே இல்லை. இப்படி ஒரே போக்காகப் போவது ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதையே முறையாக்கிவிட்டார்கள். (பரீட்சைக்கு நாம் படிப்பதும் படத்தை மட்டும்தானே!)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன செமஸ்டரில் எங்கள் குழுவுக்கு வந்த அசைன்மெண்ட் இது: ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் சாஃப்ட்வேர் ஒன்றை அஜைல் முறையில் உருவாக்கத் திட்டம் போடுக. நாங்கள் நாலு பேர், எல்லாரும் பி.காம். சி.ஏ. ஆறு ஸ்பிரிண்ட், ஒவ்வொன்றும் இரண்டு வாரம். முதல் ஸ்பிரிண்ட்டில் லாகின். இரண்டாவதில் அட்மின் பக்கம். மூன்றாவதில் வீடியோ ஏற்றும் வசதி. அப்புறம் தேர்வு, சர்டிபிகேட், கடைசியில் மேலாளர் பார்க்க டேஷ்போர்டு. கலர் கலராக சார்ட் எல்லாம் போட்டு நாற்பது பக்கம். நல்ல மார்க்கும் வந்தது.

மார்க் வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. நாங்கள் எழுதியது அதே அருவிதான். ஆறு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்திருந்தோம். பயிற்சி பெற வேண்டிய ஊழியர் என்ற மனிதர் அந்தத் திட்டத்துக்குள் முதன்முதலாக எட்டிப் பார்ப்பது பன்னிரண்டாவது வாரத்தில். அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனபோது என் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். அதாவது மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருத் தெருவாக வால்வு திறந்து விடுபவர். சொற்பச் சம்பளம், ஆனால் ஊரில் அதிகம் திட்டு வாங்கும் வேலை.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலையை மற்ற ஊர்போல நினைக்கக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த பிள்ளைகளை எங்கள் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெட்டுப்போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கம், ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய். ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, 6,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குக் குழாய் போட்டார்கள்.

அவ்வளவு பெரிய திட்டத்தின் கடைசி வால்வு பெரியப்பா கையில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் வராத அல்லது குறைவாக வரும் நாளில் ஊர் சும்மா இருக்காது. அவர் போர்வெல் மோட்டாரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். எவ்வளவு கலக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு, ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. இந்தியத் தர நிர்ணயப்படி 1 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக பாதிக்குப் பாதி என்பது எல்லை தாண்டியது. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆறு என்றால் 1க்குக் கீழே வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கை அவருக்கு யாரும் போட்டுக் காட்டியதில்லை.

"பயிற்சியே குடுக்கலையா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"குடுத்தாங்களேப்பா. ஒரு நாள் பூரா ஹால்ல உக்கார வச்சாங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சு. கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அதன் டிஜிட்டல் வடிவம்தான் எங்கள் அசைன்மெண்ட்டின் ஐந்தாவது ஸ்பிரிண்ட்.

மனிதவள மேலாண்மைப் பாடத்தில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்று ஒருவர் வருவார், ஐந்து மார்க் கேள்வி. பயிற்சி பலித்ததா என்று பார்க்க நான்கு படி என்று 1959இல் எழுதினார். பிடித்ததா, புரிந்ததா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு வந்ததா. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு முதல் இரண்டு படி ரொம்ப சுலபம். நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் முதல் படி முடிந்தது, பத்துக் கேள்வி போட்டால் இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் நான்காவதும் கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கின்றன. அதனால் அவற்றை விட்டுவிடுகிறோம். அளக்க முடிந்ததை மட்டும் அளந்துவிட்டு, அதற்கு டேஷ்போர்டு வேறு.

மாணவர்கள் நாங்கள்தான் இப்படி என்று நினைத்தால், பெரிய அளவிலும் இதே இழுப்பு இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்காக மிஷன் கர்மயோகி என்ற திட்டத்துக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏறக்குறைய 46 லட்சம் ஊழியர்கள், ஐந்து வருடத்துக்கு 510.86 கோடி. அதன் ஐகாட் என்ற தளத்தை எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கட்டவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கான தீக்ஷா தளத்துக்கும் அடிப்படையான சன்பேர்ட் என்ற திறமூல மென்பொருளின் மேல்தான் கட்டினார்கள். புத்திசாலித்தனமான முடிவு, நாங்கள் லாகினுக்கே இரண்டு வாரம் ஒதுக்கியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் என்று நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் இலக்கு என்ன தெரியுமா? குறைந்தது நாலு மணி நேரம் கற்பது. நேரம்தான் இலக்கு! ஊழியர் திறன்தான் நோக்கம் என்று அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள், நான் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எண்ணுவதற்கு எளிதானது எப்போதும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒகேனக்கல் திட்டத்தையே அஜைலாகப் போட்டிருக்க முடியுமா? முடியாது. "முதல் ஸ்பிரிண்ட்டில் பைப் போடுவோம், தண்ணீர் எங்கே எடுப்பது என்பதை அப்புறம் முடிவு செய்வோம்" என்று சொன்னால் கடன் கொடுத்த ஜப்பான்காரர் அழுதுவிடுவார். பூமிக்குள் புதைக்கும் குழாயின் விட்டத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் தீர வேண்டும். அங்கே அருவி முறைதான் சரி. ஆனால் அந்தக் குழாயின் முனையில் நிற்கும் மனிதருக்கு எது தெரியாது என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கூடி அஜைல் அறிக்கை எழுதிய அந்த 17 பேரும் திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கு மதிப்பு அதிகம் என்றார்கள், அவ்வளவுதான்.

இங்கே காமர்ஸ்காரன் மூக்கை நுழைக்கிறேன். டெண்டர் என்றால் என்னென்ன வசதி வேண்டும் என்று நூறு வரி பட்டியல் முதலிலேயே வேண்டும். அஜைல் என்றால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். தணிக்கை அதிகாரி கேட்பார், "37ஆவது வசதி எங்கே?" அதனால் பாவம், எல்லாரும் 37ஆவது வசதியைச் செய்து முடித்துவிடுகிறார்கள், யாருக்கும் அது வேண்டாம் என்று தெரிந்த பிறகும். இதற்கு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்தையும் காலத்தையும் இறுக்கமாகக் கட்டுங்கள், வசதிப் பட்டியலைத் தளர விடுங்கள். நாலு பேர், தலைக்கு மாதம் 40,000 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 4.8 லட்சம், ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு 80,000. இரண்டு ஸ்பிரிண்ட் முடிந்து டேங்க்கில் ஒன்றும் மாறவில்லை என்றால் 1.6 லட்சத்தோடு நிறுத்திவிடலாம். பணம் கொடுப்பவருக்கு அஜைலால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் கட்சி. வேகம் எல்லாம் அப்புறம்.

அதனால் மார்க் வந்து முடிந்த அந்தத் திட்டத்தை நானே திரும்ப எழுதினேன் (வேலை இல்லாதவன்...). டேங்க் ஆபரேட்டருக்கு என்று மாற்றிக்கொண்டேன். மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக ஸ்பிரிண்ட்டும் கழுவும் நாளிலிருந்து அடுத்த கழுவும் நாள் வரை. முதல் ஸ்பிரிண்ட்டில் லாகின் கிடையாது, ஆப் கூடக் கிடையாது. ஒரே ஒரு ஊராட்சி, ஒரே ஒரு பாடம்: குளோரின் சரிபார்ப்பது. ஒன்றரை நிமிடக் குரல் பதிவு, அதை அவர் போனுக்கு வாட்ஸப்பில் அனுப்புவது. ஸ்பிரிண்ட் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? அவர் பாடத்தைக் கேட்டு முடித்தபோது இல்லை. கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வந்து, 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்கிறது என்று அவரே பார்த்த பிறகு. அது நடந்தால்தான் இரண்டாவது ஸ்பிரிண்ட்டில் ஃப்ளோரைடு கலப்புக் கணக்கு. ஜல் ஜீவன் மிஷனில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆபரேட்டர் கலந்தது சரியா என்று சொல்ல அவர்களைவிட நல்ல டெஸ்டர் யார்? சர்டிபிகேட், டேஷ்போர்டு எல்லாம் பேக்லாக்கின் அடியில். யாராவது கேட்டால் எடுக்கலாம்.

காவிரித் தண்ணீரே வராத வாரத்தில் எந்தப் பயிற்சியும் உதவாது, அதையும் எழுதி வைத்தேன். ஆற்றுத் தண்ணீர் இல்லாதபோது கலப்புக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது கிண்டல் மாதிரி ஆகிவிடும்.

அந்த ஒன்றரை நிமிடத்தை என் குரலிலேயே பதிவு செய்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு தரம் கேட்டார். அப்புறம் கேட்டார்:

"எல்லாம் சரிதான்டா. கடைசி வீடுன்னு சொல்றியே, எந்த வீடு? பைப்பு எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. நாலு தடவை இழுத்திருக்காங்க."

பேக்லாக்கில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் சைக்கிளில் போய் பைப் முடியும் இடத்தைத் தேடப் போகிறோம்.