விழிக்குழியும் அம்பு முனையும்



அம்பு என்றதும் கூர்மைதான் நம் நினைவுக்கு வருகிறது. எவரையும் காயப்படுத்தாதிருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் அம்பும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்களா?

1966-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், இடைக்கால வாழ்வையும் போர்முறையையும் விளையாட்டாக மீட்டெடுக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் வீரர்கள் இரும்புக் கவசம் அணிந்து, முகத்தைக் கம்பிகளால் மறைத்தே களமிறங்குகின்றனர். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் நடைபெறும் வேடப்போர் விளையாட்டுகளிலோ பலர் திறந்த முகத்துடனேயே ஓடுகின்றனர். அங்கே படிக்கச் சென்ற நம் பிள்ளைகளும் ஒருநாள் அக்களத்தில் நிற்கக்கூடும்.

முனையில் சிறிது ஸ்பாஞ்சைச் சுற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மெத்தை ஸ்பாஞ்சு விரலுக்கு இதமாக இருக்கும். வேகமாக மோதும்போதோ முற்றிலும் அமுங்கி, உள்ளிருக்கும் தண்டை வெளியே தள்ளிவிடும். குழந்தைகளின் விளையாட்டுப் பாயில் உள்ளதைப் போன்ற, காற்றறைகள் மூடிய கெட்டி நுரையே அடித்தளமாக வேண்டும். அதன்மேல் மென்மையான ஸ்பாஞ்சு அமையலாம். தெர்மோகோல் அறவே ஆகாது. அது அமுங்கினால் மீள்வதில்லை, நொறுங்கியும் போகும். மேலுறை துணியாக இருப்பது நன்று. காற்றுப் புகாத உறையை இட்டால், அடிபடும் நேரத்தில் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி முனை பந்துபோல் விறைத்துவிடும்.

இவற்றினும் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். தண்டின் நுனிக்கும் நுரைக்கும் இடையே, தண்டைவிட அகலமான கெட்டித் தகடு ஒன்றை ஒட்ட வேண்டும். அது இல்லையெனில் மெல்லிய தண்டு நாளடைவில் நுரையைத் துளைத்து முன்னேறும். முனையின் அகலமோ விழிக்குழிக்குள் நுழைய இயலாததாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்குக் குறையலாகாது.

கடைத்தெருவிலோ பள்ளிவாசலிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். இந்த நுரை முனையைப் பற்றிப் படித்தபோது அப்பாடமே நினைவுக்கு வந்தது.

தண்டுக்கு ஃபைபர்கிளாஸை விரும்புவோர் பலர். மரம் இழைவாக்கில் பிளந்து சிம்பாகும். கார்பன் தண்டு முறிந்தாலோ ஊசிபோன்ற சிதறல்கள். எதுவாயினும் நெடுக உறுதியான நாடா ஒட்டுவது நலம்.

வில்லின் இழுவிசை, 28 அங்குலம் இழுத்த நிலையில் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது பல குழுக்களின் விதி. எதிராளி அருகில் நின்றால் நாணை முழுவதும் இழுப்பதில்லை. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கின்றனர். தண்டின் நுனி தட்டுப்பட்டாலோ, முனை கையோடு திருகினாலோ, அந்த அம்பு அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கப்படும். எவரேனும் மிதித்த அம்புக்கும் இதே சோதனைதான்.