கழுத்தை அளந்து காயை வாங்குக

பிறநாட்டுச் சமையற் குறிப்புக்கள் நம் இல்லங்களுக்கு வந்து சேரும் வழிகள் இன்று பலவாகிவிட்டன. கனடாவிலோ இலண்டனிலோ வாழும் சகோதரி எழுதி அனுப்புகின்றாள். கல்லூரி மாணவியான மகள் எங்கோ படித்து எழுதிக்கொண்டு வருகின்றாள். அக்குறிப்புக்களிற் பட்டர்நட் பூசணி என்னும் பெயர் அடிக்கடி காணப்படுகின்றது. “நடுத்தரமான பட்டர்நட் ஒன்று” என்றோ, “நான்கு கோப்பைத் துண்டுகள்” என்றோ அளவு குறித்திருப்பார்கள். நமக்கு இவ்விரண்டாலும் பயன் இல்லை. நடுத்தரம் என்றால் யாருடைய நடுத்தரம்? அரைக் கிலோவைச் சற்றே தாண்டிய காயும் உண்டு. ஒன்றரைக் கிலோ நிறையுள்ள காயும் உண்டு. கடையிலோ நிறை பார்த்தே விலை கூறுகின்றார்கள். அளவு தெரியாமல் வாங்கினால் ஒன்று பணம் வீணாகும், அல்லது கறி போதாமற் போகும்.

பெயர் புதிதெனினும் இது நமக்கு அந்நியமான காய் அன்று. நம் சந்தையிற் கீறி விற்கும் பூசணிக்காயிற் பெரும்பாலானவை சேர்ந்த அதே தாவர இனத்தையே இதுவும் சேர்ந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1940களில் உருவான வகை இது; அங்கேயே திருத்தி வளர்க்கப்பட்ட ‘வோல்தம் பட்டர்நட்’ 1970ஆம் ஆண்டிற் பரிசு பெற்றுப் பல நாடுகளுக்கும் பரவிற்று. நீண்ட கழுத்தும் அடியில் ஓர் உருண்டையுமாக இருக்கும். விதையும் நாரும் அவ்வுருண்டைக்குள் மட்டுமே உள்ளன. கழுத்து முழுவதும் சதை. வாங்குபவர் மனத்திற் கொள்ள வேண்டிய முதற் செய்தி இதுவே.

இனிக் கோப்பைக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கக் குறிப்புக்களிற் கோப்பை என்பது ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் கொள்ளும் அளவுக் கோப்பை; நாம் தேநீர் அருந்தும் கோப்பை அன்று. அத்தகைய கோப்பையொன்றில் வேகாத பட்டர்நட் துண்டுகள் சுமார் 140 கிராம் அடங்கும். எனவே நான்கு கோப்பைக்கு 560 கிராம் சதை தேவை. தோல், விதை, நார் என்று நூற்றுக்குப் பதினாறு பங்கு கழியுமாதலால், ஏறக்குறைய 670 கிராம் நிறையுள்ள முழுக்காய் வேண்டும். அதற்குப் பதிலாக நம்மூர்ப் பூசணியை எடுத்தாற் கழிவு நூற்றுக்கு முப்பதளவு வரும். 800 கிராம் வாங்க நேரிடும். (தோலோடு கறி சமைக்கும் வீடுகளில் இக்கழிவு குறையும். நன்கு வெந்த பூசணித் தோலின் சுவையை அறிந்தோர் அதனைச் சீவி எறிய மாட்டார்கள் என்பது நம் எண்ணம்.)

ஒரே நிறையுள்ள இரண்டு காய்கள் இருந்தால் எதைத் தெரிவது? இங்கேதான் கழுத்தை அளக்க வேண்டும். நூல் ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 22 சென்ரிமீற்றராயின் விட்டம் 7. பத்துச் சென்ரிமீற்றர் நீளமான கழுத்தை ஓர் உருளையாகக் கொண்டால், அதன் கனவளவு 385 கன சென்ரிமீற்றர். நூல் மூன்றே சென்ரிமீற்றர் கூடி 25 ஆனால் விட்டம் ஏறத்தாழ 8. கனவளவோ ஏறத்தாழ 500 ஆகிவிடும்! ஆனால் விட்டம் 7 ஆகவே இருந்து, நீளம் ஒரு சென்ரிமீற்றர் கூடினால், நாற்பதுகூட அதிகரிப்பதில்லை. பருமனின் செல்வாக்கு அத்தகையது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஆரை ஏன் இருமுறை பெருக்கப்படுகின்றது என்பது கரும்பலகையிலும் பார்க்கச் சந்தையில் நன்றாக விளங்கும். நூல் கொண்டு செல்ல மறந்தோர்க்குக் கை இருக்கின்றது. ஒரு சாண் பெரும்பாலும் ஒன்பது அங்குலம், அதாவது ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர். தம் சாணை வீட்டில் ஒருமுறை அடிமட்டத்தால் அளந்து வைத்துக்கொண்டாற் போதும். சாணுக்குள் அடங்காத கழுத்தும் சிறிய உருண்டையும் உடைய காயே நமக்கு இலாபம்.

அளவோடு முதிர்வும் பார்க்க வேண்டும். முதிர்ந்த காயின் தோல் மங்கிய மண்ணிறமாக இருக்கும். பளபளப்பும், காம்பருகே பச்சைக் கோடுகளும் இளமையின் அடையாளங்கள். அத்தகைய காயில் இனிப்புக் குறைவு. நகத்தால் அழுத்தினால் தோல் எளிதிற் கீறுப்படலாகாது. காம்பு உலர்ந்து, முறியாமல் ஒட்டியிருத்தல் வேண்டும். காம்பு கழன்ற குழி வழியாகவே அழுகல் புகும். கையில் எடுத்தால் உருவத்துக்கு மேற்பட்ட கனம் தோன்ற வேண்டும். கீறிய பூசணித் துண்டு வாங்குவோர் சதையின் தடிப்பையும் நிறத்தின் ஆழத்தையும் பார்க்க; விதையைச் சுற்றி வழுவழுப்பு இருந்தால் துண்டு பழையது.

வெட்டும்போது முதலிற் கழுத்தையும் உருண்டையையும் பிரித்துவிடுக. தட்டையான வெட்டுமுகத்தைப் பலகையில் நிறுத்தித் தோல் சீவினாற் காய் உருளாது, விரலும் தப்பும்.

சமைக்கு முன்னர் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் வற்புறுத்துகின்றோம். பூசணி, சுரை முதலிய குடும்பத்துக் காய்களில் அரிதாகக் கடுங்கசப்பு உண்டாவதுண்டு. அழகுக்காக வளர்க்கும் சுரை வகைகளின் மகரந்தம் கலந்த விதையை வீட்டுத் தோட்டத்தில் மீண்டும் நட்டால் இது நேரலாம். அக்கசப்பு நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். ஜெர்மனியில் 2015ஆம் ஆண்டு, தோட்டத்திற் காய்த்த கசப்பான சுக்கினிக் காயை உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். உப்பும் தேங்காய்ப்பாலும் கூட்டிக் கசப்பை மறைக்க முயலாமல் முழுவதையும் எறிந்துவிடுக. இங்கே சிக்கனம் பார்க்கலாகாது.

முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. பத்துப் பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் நெடுநாள் பட்டால் அது கெட்டுவிடும். நுவரெலியாவில் உள்ளோர் காற்றோட்டமான அலமாரியில் வைத்து இரண்டு மாதம் வரை பேணலாம். சில நாள் இருக்க இருக்க மாப்பொருள் சர்க்கரையாகி இனிப்பும் கூடும். கொழும்பு, யாழ்ப்பாண வெப்பத்தில் அத்துணை நாள் காத்திருத்தல் தகாது. வெட்டிய துண்டுகளையோ மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாட்களுக்குள் சமைத்துவிடுக.