கம்பி பேசுது பாஸ்!

போன வாரம் ஒரு தாத்தாகிட்ட பேட்டி எடுத்தேன். மொபைல்ல இடம் இல்லைன்னு எதையோ அழிக்கப் போய், பேட்டியே காலி! நோட்ஸ் இருந்தது. ஆனா, அவர் எந்த இடத்துல பேச முடியாம நிறுத்தினார்னு நோட்ஸ்ல எங்கே இருக்கும்? அந்தச் சோகத்துல தேடும்போது மாட்டினதுதான் வயர் ரெக்கார்டர்.

கேசட்டுக்கு இது அண்ணன். டேப்புக்குப் பதிலா முடி மாதிரி மெல்லிசான ஸ்டீல் கம்பி. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு கிலோமீட்டருக்கும் மேல கம்பி ஓடும். அறுந்தா, ரெண்டு முனையையும் சேர்த்து முடிச்சு போட்டா போதும். சிக்கு விழுந்தா? ஹெட்போன் வயரையே பிரிக்கத் தெரியாத நாம அதைப் பத்திப் பேச வேணாம்.

மைக்ல இருந்து வர்ற கரன்ட் ஒரு காயிலுக்குப் போகும். குரல் ஏற இறங்க, ஓடுற கம்பியில காந்தம் கூடக் குறையப் பதியும். கம்பியைத் திரும்ப ஓட்டினா காயில்ல கரன்ட் வரும். ப்ளஸ் டூ-வுல மனப்பாடம் பண்ணி மறந்தோமே, அதே ஃபாரடே!

டென்மார்க்கின் வால்டமர் பவுல்சன் 1898-லயே இதைச் செஞ்சுட்டார். 1900 பாரீஸ் கண்காட்சியில ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பேசின பதிவு இப்பவும் இருக்கு. ஆனா, ஆம்ப்ளிஃபையர் இல்லாத காலம். சத்தம் ரொம்ப வீக்.

1930-களின் கடைசியில சிகாகோ மாணவர் மார்வின் கேம்ராஸ் களத்துல இறங்கினார். பாடகராக ஆசைப்பட்ட கஸினுக்காக ஒரு மெஷின். ஓடும்போது கம்பி முறுக்கிக்கும், சத்தம் கெடும். அதனால, கம்பியைச் சுத்தி எல்லாப் பக்கமும் காந்தப்புலம் சமமா இருக்கிற மாதிரி ஹெட்டை அமைச்சார். நாம ப்ராஜெக்ட்டை எங்கே வாங்குறோம்னு மட்டும் கேட்டுடாதீங்க!

அவர் இருந்த இல்லினாய்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியிலயே சைக்காலஜி பேராசிரியர் டேவிட் போடர். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச மறு வருஷம், 1946-ல், கேம்ராஸ் வழியில வந்த ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு ஐரோப்பா போனார். நாஜி முகாம்கள்ல உயிர் தப்பினவங்க, வீடிழந்த அகதிகள்னு சுமார் 130 பேர். ஒன்பது மொழி, 200 ஸ்பூல், சுமார் 90 மணி நேரம். அவங்கவங்க மொழியில, அவங்கவங்க குரல்லயே. அழுகை, தயக்கம், நடுவுல விழற மௌனம் எல்லாம் கம்பியில ஏறிடுச்சு.

அதுல ஒரு ஸ்பூல் மட்டும் காணாமப் போச்சு. பிரான்ஸ்ல ஹெனான்வில் என்ற இடத்துல தங்கியிருந்த யூதர்கள் பாடின பாட்டு அது. பல வருஷம் கழிச்சு அமெரிக்காவுல ஆக்ரன் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துல கிடைச்சது. டப்பா மேல ஊர்ப் பேரைத் தப்பா எழுதி வெச்சிருந்தாங்களாம். அட, லேபிள்! எங்க லேப்லயும் இதே கதைதான்.

கம்பி கிடைச்சாச்சு, ஓட்ட மெஷின் வேணுமே? பழைய மெஷின் பொருந்தலை. அங்கே இருந்தவங்களே தட்டித் தடவி ஒண்ணை உருவாக்கினாங்க. 2017-ல் விஷயம் வெளியே வந்தது. இடிஷ், ஜெர்மன் மொழிகள்ல பாட்டு. முகாம்ல கட்டாயப்படுத்திப் பாட வெச்ச பாட்டையும் பாடியிருக்காங்க. எழுபது வருஷம் சும்மா கிடந்த கம்பி, திரும்பவும் பாடுச்சு.

தாத்தாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கார்.