பாட்டின் லேபிள் யாருக்குச் சொந்தம்?

கரிசல் காட்டு நடுவே, ஒட்டப்பிடாரம் தாலுகாவில் உள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தத் தொழிலின் கணக்கு அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். தைப்பவருக்குக் கிடைப்பது தையற்கூலி. தன் பெயரில் லேபிள் ஒட்டி விற்பவருக்குக் கிடைப்பது லாபம்.

பாட்டுத் தொழிலிலும் இதே கணக்குத்தான்!

சினிமாவை நம்பாமல், சொந்தமாக ராக் இசைக்குழு நடத்தும் இளைஞனின் பிழைப்பைப் பாருங்கள். பாட்டு எழுதுவதும் அவன். மெட்டுப் போடுவதும் அவன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். குரலையும் கிதாரையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறான். கூட்டிக் குறைத்து, ஒன்றாகக் கலந்து, பாட்டாக்கி வெளியிடுகிறான். மேடை கிடைத்த மாதம் நாலு காசு வரும். கிடைக்காத மாதம் விளம்பரப் படத்துக்கு இசையமைத்துத்தான் வாடகை கட்ட வேண்டும்.

இந்தப் பாதையில் வெற்றி இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் இசையமைப்பாளர் டென்மாவும் டைரக்டர் பா.ரஞ்சித்தும் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றினார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தப் பாட்டுகளைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். சினிமாவின் தயவு இல்லாமலே தமிழ்ப் பாட்டு கூட்டம் சேர்க்கும் என்பது தெரிந்தது.

ஆனால், புகழ் வேறு, வரும்படி வேறு. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ கடல் கடந்தும் ஒலித்தது. மூன்று ஆண்டு கழித்து, அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அவ்வளவு பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத பையனின் கதி என்ன?

சட்டம் கலைஞனைக் கைவிடவில்லை. ஒலிப்பதிவைத் தன் முயற்சியில், தன் பொறுப்பில் செய்பவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது காப்புரிமைச் சட்டம். உரிமையும் முதலில் அவருக்கே. வெளியான மறு ஆண்டு முதல் 60 ஆண்டு அது நீடிக்கும். 2012-ல் வந்த திருத்தம் இன்னொரு காவலும் போட்டது. பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. அந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்க 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது.

பணம் போடும் கம்பெனி லாபம் கேட்பது தப்பா? தப்பில்லை. இத்தனை வருஷத்துக்கு என்று குத்தகைக்கு விடலாம். ஆனால் அவசரச் செலவுக்காக ஒலிப்பதிவையே ஒரேயடியாகக் கிரயம் எழுதிக் கொடுப்பது, விதை நெல்லைச் சோறாக்கித் தின்பதற்குச் சமம்.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் மறைந்தார். 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக அவர் வாசித்த நாகஸ்வரம் இன்றும் கேட்கிறது. கலைஞன் போனபின்னும் பதிவு வாழ்கிறது. அது அவன் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டாமா?

கரிசல் காட்டு இளைஞர்கள் கிதாரைக் கையில் எடுக்கட்டும். கூடவே, கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படிக்கவும் கற்கட்டும்!